நகர்மன்றத்தின் ஓராண்டு: நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

கணவரின் ஜனாஸாவை நல்லடக்கம் செய்து பதினான்கு மாதங்கள் கழித்து ஒரு சகோதரி நம்மிடம் வந்தார். கணவர் இரவில் வீட்டிலேயே மரணித்தவர். மறுநாள் ளுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் முடிந்துவிட்டது. அந்தத் துயரத்தில் யாரும் நகராட்சிப் பக்கம் போகவில்லை. இப்போது வங்கியில் இறப்புச் சான்று கேட்கிறார்கள், ஓய்வூதிய அலுவலகத்தில் கேட்கிறார்கள், வீட்டு வரியைப் பெயர் மாற்றவும் அதையே கேட்கிறார்கள். "நீங்கதானே ஹஜ்ரத் தொழ வச்சீங்க, நீங்க ஒரு கடிதம் கொடுத்தா போதாதா?" என்று கேட்டார். நாம் கடிதம் கொடுத்தோம். ஆனால் அது போதாது. ஓராண்டு கடந்த இறப்பைப் பதிவு செய்ய வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். 21 நாட்களுக்குள் சென்றிருந்தால் கட்டணமே இல்லாமல் முடிந்திருக்கும் வேலை அது.

அந்தச் சகோதரியைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அடக்கத்துக்கு வந்திருந்த நம்மில் ஒருவரும் அவருக்கு நினைவூட்டவில்லை. நகராட்சி என்றால் குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று மட்டும் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஒரு குழந்தை பிறந்த நாளிலிருந்து மண்ணில் அடங்கும் நாள் வரை அந்த அலுவலகத்தின் ஏதாவது ஒரு பதிவேட்டில் நம் பெயர் ஏறிக்கொண்டே இருக்கிறது. நகர்மன்றத்துக்கு ஓர் ஆண்டு ஒழுங்கு உண்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடு உண்டு. அதை அறிந்தவருக்குச் சிபாரிசு தேவைப்படுவதில்லை. அறியாதவர் கெடு முடிந்த பிறகு போய் நிற்கிறார். அந்த ஒழுங்கைத் தமிழக ஊர்களை முன்வைத்து இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

மன்றமும் அலுவலகமும்

உள்ளாட்சிக்கு இன்றைய வடிவைத் தந்தது அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம். 1993 ஜூன் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொறுப்புகள் அரசியலமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணையில் வரிசையாக உள்ளன. குடிநீர், சாலை, பொதுச் சுகாதாரம், தெருவிளக்கு ஆகியவற்றோடு பிறப்பு இறப்புப் பதிவு, அடக்கத்தலங்களும் சுடுகாடுகளும், இறைச்சிக் கூடங்களை முறைப்படுத்துதல் ஆகியனவும் அதில் அடக்கம். எனவே மையவாடிக்குப் பாதை வேண்டும், விளக்கு வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. அது உள்ளாட்சியின் பொறுப்புப் பட்டியலிலேயே உள்ள விஷயம்.

தமிழகத்தில் நகர்ப்புற உள்ளாட்சி மூன்று வகை: மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி. 2021-இல் புதிதாக நகராட்சிகளாகத் தரம் உயர்த்தப்பட்ட ஊர்களில் அதிராம்பட்டினம், பள்ளப்பட்டி, கோட்டக்குப்பம் ஆகியவையும் உண்டு. நம் மக்கள் திரளாக வாழும் ஊர்கள் இவை. ஊர் தரம் உயரும்போது அலுவலகம், நிதி, வரி விகிதம் எல்லாமே மாறும். அதனால் பேரூராட்சிக் காலத்துப் பழக்கத்தை வைத்துக்கொண்டு இப்போது வேலை முடிக்க முயல்வது பல இடங்களில் அலைச்சலில்தான் முடிகிறது.

நம் மக்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. மன்றம் வேறு, அலுவலகம் வேறு. வார்டு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர் கவுன்சிலர். கவுன்சிலர்கள் கூடித் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பவர் தலைவர். இவர்கள் சேர்ந்ததே மன்றம். முடிவெடுப்பது அதன் வேலை. ஆணையாளர், பொறியாளர், வருவாய் ஆய்வாளர், பில் கலெக்டர், துப்புரவு ஆய்வாளர் ஆகியோர் அலுவலகம். முடிவை நிறைவேற்றுவது அவர்கள் வேலை. பேரூராட்சியில் ஆணையாளர் இடத்தில் செயல் அலுவலர் இருப்பார். புதிய சாலை வேண்டும் என்றால் மன்றத்தின் தீர்மானம் வேண்டும். போடப்பட்ட சாலையில் விளக்கு எரியவில்லை என்றால் அலுவலகத்தில் புகார் செய்தால் போதும். முதலாவதை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டும், இரண்டாவதைக் கவுன்சிலர் வீட்டு வாசலில் சொல்லிக்கொண்டும் நாட்களைக் கழிப்பவர்கள் நம்மில் ஏராளம்.

மன்றத்துக்குச் சம்பந்தமே இல்லாதவற்றையும் தெரிந்துகொள்வது நல்லது. பட்டா, குடும்ப அட்டை, மின் இணைப்பு ஆகியவை நகராட்சியில் இல்லை. ஊர் நடுவே போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். குடிநீரும் அப்படித்தான். ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரும், காயல்பட்டினத்துக்குத் தாமிரபரணி நீரும் வருகின்றன. இத்தகைய கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் ஊர் எல்லை வரை தண்ணீரைக் கொண்டுவரும் பொறுப்பு பெரும்பாலும் குடிநீர் வடிகால் வாரியத்துடையது. தெருவுக்குப் பிரித்துக் கொடுப்பது உள்ளாட்சியுடையது. ஊர் முழுக்கத் தண்ணீர் இல்லையா, நம் தெருவில் மட்டும் இல்லையா என்று முதலில் பார்த்துக்கொண்டால் மனுவை யாருக்கு எழுதுவது என்பது தெளிவாகிவிடும்.

2022–23: ஓராண்டு கற்றுத்தந்தது

ஓராண்டில் ஒரு மன்றம் எவ்வளவு முடிவுகளை எடுக்கிறது என்பதற்கு 2022–23 நல்ல எடுத்துக்காட்டு. 2011-இல் தேர்வான மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன் பின் ஐந்தாண்டுக்கும் மேலாகத் தமிழக நகரங்களில் மன்றமே இல்லை. தனி அலுவலர்களே எல்லாவற்றையும் பார்த்தனர். கேள்வி கேட்கக் கவுன்சிலர் இல்லை, கூட்டம் இல்லை, விவாதமும் இல்லை.

2022 பிப்ரவரி 19 அன்று 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள் மற்றும் பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. 22 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றனர். மார்ச் 4 அன்று தலைவர்கள் தேர்வாயினர். 2016-இல் நிறைவேறிய சட்டத்தின்படி பெண்களுக்கு 50 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டு நடந்த முதல் நகர்ப்புறத் தேர்தல் இது. நம் வீட்டுப் பெண்கள் பலர் கவுன்சிலர்களாகவும் தலைவர்களாகவும் வந்தனர். மனுவை அந்தச் சகோதரியின் பெயருக்கே எழுத வேண்டும், அவரிடமே பேச வேண்டும். அவருடைய கணவரிடமோ மகனிடமோ சொல்லிவிட்டு வருவது மன்றத்திடம் சொன்னதாக ஆகாது. மன்றத்தில் எழுந்து பேசுபவரும் கையெழுத்திடுபவரும் அவர்தான்.

பதவியேற்று ஒரு மாதம் ஆவதற்குள் மன்றங்களின் முன் வந்த பெரிய பொருள் சொத்து வரி உயர்வு. சென்னை தவிர்த்த ஏனைய மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு உயர்வு. வணிகக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு. 1,000 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டியவர் 600 கட்ட வேண்டும். 2,000 சதுர அடி வீட்டுக்கு 1,000 கட்டியவர் 2,000 கட்ட வேண்டும்.

இந்த உயர்வு அரசின் உத்தரவாக வந்தாலும் மன்றங்களின் முன் தீர்மானமாக வைக்கப்பட்டது. பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க அவகாசமும் அறிவிக்கப்பட்டது. பல ஊர்களில் மன்றக் கூட்டங்களிலேயே எதிர்ப்புக் குரல் எழுந்தது. தெருவிலும் தேநீர்க் கடையிலும் நாமும் பேசினோம். ஆனால் நம் மஹல்லாவில் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்தவர் யார் என்று பின்னர் விசாரித்தபோது ஒருவரும் முன்வரவில்லை. எழுதியிருந்தால் உயர்வு நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டோம். தன் வீட்டின் அளவு தவறாகப் பதிவாகியிருக்கிறது, குடியிருப்பு வணிகமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பன போன்ற பிழைகளையாவது அப்போதே திருத்திக்கொண்டிருக்கலாம். நோட்டீசு கைக்கு வந்த நாளில் அதைப் படித்துப் பார்த்தவர்கள் திருத்திக்கொண்டார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 1 அன்று உள்ளாட்சிகள் தினத்தில் நகர்ப்புறத்தில் முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராமங்களில் கிராம சபை போல, நகரத்தில் வார்டு மக்கள் நேரில் வந்து பேசும் இடம் அது. பிறகு 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 நடைமுறைக்கு வந்தது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மூன்றும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தன. நூறாண்டு பழைய 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் காலம் முடிந்தது. இத்தனையும் நடந்தது பதின்மூன்று, பதினான்கு மாதங்களுக்குள். இந்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கம் வரை.

ஏப்ரல் முதல் மார்ச் வரை

நகர்மன்றத்துக்கு ஆண்டு பிறப்பது ஏப்ரல் 1 அன்று. அதன் ஓட்டத்தை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

ஏப்ரல், மே: முதல் அரையாண்டு வரி தொடங்குகிறது. அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் சொத்து வரி செலுத்தினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். 3,000 ரூபாய் வரி கட்டுபவருக்கு 150 ரூபாய் மிச்சம். காலம் தாழ்த்தினால் மாதம் 1 விழுக்காடு வட்டி சேரும். கோடைக் குடிநீர்ப் பணிகள், ஆழ்குழாய்ப் பழுது, லாரித் தண்ணீர்ச் செலவு ஆகியவை மன்றத்தின் முன் வருவதும் இந்த மாதங்களில்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: பள்ளிகள் திறப்பதால் பிறப்புச் சான்றுக்குக் கூட்டம் சேரும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கால்வாய் தூர்வாரும் பணிக்கு மதிப்பீடு தயாராகும். நம் தெருக் கால்வாய் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய காலம் ஜூலையும் ஆகஸ்டும். தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு அக்டோபரில் கேட்டால் மோட்டார்தான் வரும், தூர்வாரும் பணி வராது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: இரண்டாம் அரையாண்டு வரி. அக்டோபருக்குள் கட்டுபவர்களுக்கு மீண்டும் அதே ஊக்கத்தொகை. மழைக்கால டெங்குத் தடுப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வருவார்கள். வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் வருகிறார்கள் என்று சிலர் கதவைத் திறப்பதில்லை. பல ஊர்களில் பெண் பணியாளர்களே வருகிறார்கள். தண்ணீர்த் தொட்டியையும் மாடியில் கிடக்கும் பழைய பாத்திரங்களையும் அவர்கள் பார்க்க இடம் கொடுப்பது அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் கடமை.

ஜனவரி முதல் மார்ச் வரை: அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் தயாராகும் காலம். வாரச்சந்தை, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறை, வாகன நிறுத்தம், நகராட்சிக் கடைகள் ஆகியவற்றின் ஏலமும் குத்தகையும் பெரும்பாலும் இப்போதுதான் வரும். வியாபாரம் செய்யும் சகோதரர்கள் ஏல அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டியதும், தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியதும் இக்காலத்தில்தான். நம் வார்டுக்கு ஒரு பணி வேண்டும் என்றால் மனு இந்த மாதங்களுக்கு முன்பே, டிசம்பருக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மார்ச்சில் திட்டம் நிறைவேறிய பிறகு ஏப்ரலில் போய்க் கேட்டால், "இந்த வருஷம் நிதி இல்லை" என்ற பதில் வரும். அந்தப் பதில் பொய்யாகவும் இருக்காது.

ஒரு தீர்மானம் எப்படிப் பிறக்கிறது

மன்றக் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே உறுப்பினர்களுக்குக் கூட்டப் பொருள் பட்டியல் அனுப்பப்படும். நம் மக்கள் அதை அஜெண்டா என்றே சொல்கிறார்கள். ஒவ்வொரு பொருளின் கீழும் அலுவலகக் குறிப்பு இருக்கும். எந்த வார்டு, எந்தத் தெரு, எவ்வளவு மதிப்பீடு, எந்த நிதியிலிருந்து என்பதைச் சொல்லி, மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது என்று முடியும். உறுப்பினர்கள் அனுமதிக்கலாம், ஒத்திவைக்கலாம், நிராகரிக்கலாம். முடிவு எண்ணிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். அதன் பிறகு ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, வேலை, பில். ஒப்பந்தப்புள்ளிக்கு 1998-ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருந்தும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வாயால் சொன்ன எதுவும் இந்தப் பாதையில் ஏறாது. நம் அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். மையவாடிக்குச் செல்லும் சந்தில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். சந்தூக்கைச் சுமந்து செல்பவர்கள் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். ஓராண்டுக்கு மேல் பார்த்தவரிடமெல்லாம் சொன்னோம். எல்லோரும் "செஞ்சிடலாம் ஹஜ்ரத்" என்றார்கள். யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் யாரிடமும் அதற்கு ஒரு தாளும் இல்லை. பிறகு ஜமாஅத் நிர்வாகத்தின் பெயரில் ஒரு பக்க மனு எழுதினோம். சந்தின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் இடத்தின் படம், அதைப் பயன்படுத்தும் தெருக்களின் பெயர் எல்லாவற்றையும் இணைத்தோம். அந்த வழியில் வீடுள்ள மாற்றுச் சமயத்தாரும் கையெழுத்திட்டார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். நகல் ஒன்றைக் கவுன்சிலருக்குக் கொடுத்தோம். மூன்றாவது கூட்டத்தில் அது பொருளாக வந்தது. வேலை முடிய மேலும் எட்டு மாதம் ஆனது. ஆனால் தீர்மான எண் கையில் இருந்ததால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை, எண்ணைச் சொன்னால் கோப்பு வந்தது.

வீட்டு வரியும் பாட்டனார் பெயரும்

நம் ஊர்களில் பழைய வீடுகள் பல இன்னும் பாட்டனார் பெயரிலேயே வரி செலுத்துகின்றன. அவர் மரணித்து முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். வாரிசுகள் நான்கு ஊர்களிலும் இரண்டு வளைகுடா நாடுகளிலும் இருப்பார்கள். வரி தவறாமல் கட்டப்படுவதால் யாருக்கும் உறுத்தவில்லை. விற்கவோ, பாகம் பிரிக்கவோ, இடித்துக் கட்டவோ நினைக்கும் நாளில்தான் சிக்கல் தெரிகிறது.

வாங்கிய வீடு என்றால் கிரயப் பத்திரம், வாரிசுரிமை என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைத்து வரி விதிப்பில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாகப்பிரிவினை ஆகியிருந்தால் அந்தப் பத்திரமும் வேண்டும். மூத்தவர்கள் உயிருடன் இருக்கும்போதே இதைச் செய்வது எளிது. மார்க்கம் வாரிசுகளின் பங்கை வரையறுத்துத் தந்திருக்க, ஒரு காகிதம் இல்லாத காரணத்தால் சகோதரிகளின் பங்கு பல ஆண்டுகள் கைக்கு வராமல் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதே வேளையில், வரி ரசீது உரிமை ஆவணம் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். வரி கட்டியவர் பெயரில் ரசீது இருப்பதாலேயே வீடு அவருடையது ஆகிவிடாது.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வரி உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் இணையவழியிலேயே கட்டலாம். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் வசூலாகிறது. நாம் எல்லோரும் நூலகத்துக்குப் பணம் கட்டுகிறோம், பிள்ளைகளை அங்கே அனுப்புகிறோமா என்பது வேறு கேள்வி. புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு 2024 ஜூலை முதல் ஒரு வசதி வந்துள்ளது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் தரைத்தளம், முதல் தளம் சேர்த்து 3,500 சதுர அடி வரை கட்டும் குடியிருப்புக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி பெறலாம். சொல்லும் விவரத்துக்குச் சொல்பவரே பொறுப்பு என்பதால் அளவுகளைச் சரியாகத் தர வேண்டும்.

பிறப்பும் இறப்பும்

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி இரண்டையும் 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அதுவரை கட்டணமில்லை. 30 நாட்கள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு வரை மேல் அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி. அதற்கு மேல் முன்பு சொன்ன கோட்டாட்சியர் உத்தரவு.

நிகழ்வு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. இதை அறியாததால் ஏற்படும் அலைச்சல் மிக அதிகம். சென்னை மருத்துவமனையில் மரணித்தவரை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தாலும் சான்று சென்னையில்தான் கிடைக்கும். தாய் வீட்டு ஊர் மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பதிவு அந்த ஊரில்தான் இருக்கும். வெளிநாட்டில் நிகழ்ந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். மருத்துவமனையில் நடந்தால் தெரிவிக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது. வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவர் அல்லது நெருங்கிய உறவினருடையது.

இச்சட்டத்தின் 10-ஆவது பிரிவு நம் ஜமாஅத்துகள் அவசியம் அறிய வேண்டியது. அடக்கத்தலத்தைப் பராமரிப்பவர்களுக்கும் இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமை உண்டு என்கிறது அது. மையவாடியை நிர்வகிக்கும் ஜமாஅத் அடக்கப் பதிவேடு எழுதி வைப்பதோடு நிற்காமல் அந்தத் தகவலைப் பதிவாளருக்கும் அனுப்ப வேண்டும்.

குழந்தையின் பெயரைப் பதிவின்போதே சேர்க்காவிட்டால் பதிவு நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். பின்னர் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்நாளிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், அரசுப் பணி போன்றவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றே ஆதாரம். நம் பெயர்களில்தான் எத்தனை எழுத்து வேறுபாடு! முஹம்மது, முகமது, மொஹமத் என ஒரே பெயர் தந்தையின் ஆவணத்தில் ஒன்றாகவும் பிள்ளையின் சான்றில் வேறாகவும் ஏறிவிடுகிறது. தந்தையின் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று பதிவின்போது அப்படியே கொடுங்கள். அன்று செலவாகும் ஐந்து நிமிடம் பிற்காலத்தில் ஐந்து மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

ரமளானும் பெருநாளும்

நகராட்சியின் ஆண்டு சூரியக் கணக்கு, நம்முடையது பிறைக் கணக்கு. ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் நம் மாதங்கள் முன்னோக்கி நகர்கின்றன. அதனால் ரமளானுக்கான தெருவிளக்கு, ஸஹர் நேரத்துக்கு ஏற்ற தண்ணீர் விநியோகம் ஆகியவற்றுக்கு அலுவலகத்தில் நிலையான தேதி எதுவும் இருக்காது. ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மாதம் முன்பே ஜமாஅத் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளில் கழிவுகளை அகற்றுவது இன்னும் முக்கியம். எந்தத் தெருவில் எத்தனை குர்பானி, வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும், தோல் எங்கே சேகரிக்கப்படும் என்ற பட்டியலை ஒரு வாரம் முன்பே துப்புரவு ஆய்வாளரிடம் கொடுத்தால் அவர் ஆட்களை ஒதுக்க முடியும். கழிவைச் சாக்கடையில் தள்ளிவிட்டு நகராட்சியைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுப்பது திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி அன்றாடக் கடமை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வலீமா விருந்து வைப்பவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேட்பதற்கு மூன்று வழிகள்

முதலாவது, மனு. ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. தெரு, வார்டு எண், அளவு, தேதி. ஒப்புகை இல்லாமல் திரும்ப வேண்டாம்.

இரண்டாவது, பகுதி சபை. நம் வார்டில் எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடமோ அலுவலகத்திலோ கேட்டு வைத்துக்கொண்டு, ஜும்ஆவுக்குப் பின் பள்ளியில் அறிவிக்கலாம். பெண்களும் செல்ல வேண்டும். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை குடம் வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, தகவல் உரிமை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தீர்மானத்தின் நகல், மதிப்பீடு, பணி ஆணை எதையும் கேட்கலாம். சண்டைக்கு முதல் ஆயுதமாக இதை எடுக்க வேண்டாம். மனுவுக்குப் பதில் வராதபோது மரியாதையுடன் பயன்படுத்துங்கள்.

வசதி படைத்த சகோதரர்களுக்கு ஒரு செய்தி. நகர்ப்புறங்களில் 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தருகிறது. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களிடம் இதைச் சொல்லலாம். மூன்று லட்ச ரூபாய் வேலைக்கு ஒரு லட்சம் திரட்டினால் போதும். அது எல்லாச் சமயத்தாரும் பயன்படுத்தும் பூங்காவாகவோ, பள்ளிக்கூட வகுப்பறையாகவோ இருந்தால் ஊர் முழுவதும் பயன்பெறும்.

அந்தச் சகோதரிக்கு உத்தரவு கிடைத்துச் சான்று கைக்கு வர மேலும் ஏழு மாதங்கள் ஆயின. அதுவரை கணவரின் ஓய்வூதியம் அவருக்கு வரவில்லை. நகைகளை அடகு வைத்துக் காலம் தள்ளினார். அதன் பிறகு நம் ஜமாஅத்தில் ஒரு பழக்கத்தைத் தொடங்கினோம். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் நிர்வாகத்திலிருந்து ஒருவர் அந்த வீட்டுக்குச் சென்று, மரணித்தவரின் ஆதார் நகலை வாங்கி, குடும்பத்தாரில் ஒருவரை அழைத்துக்கொண்டு பதிவாளரிடம் செல்கிறார். அடக்கப் பதிவேட்டில் பெயர், தேதி, கப்ரின் வரிசை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். அதில் பதிவு எண் எழுதப்படும் வரை அந்தப் பக்கம் முடிந்ததாக நாம் கருதுவதில்லை.

உங்கள் மஹல்லாவின் பதிவேட்டிலும் அப்படி ஒரு கட்டம் இருக்கிறதா என்று வரும் ஜும்ஆவன்று நிர்வாகிகளிடம் கேளுங்கள். இல்லையென்றால், ஓர் அளவுகோலும் பேனாவும் போதும்.